நான் காலியாக விட்ட கட்டம்

முதல் வகுப்பிலேயே நான் செய்த தப்பு, அப்பாவை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பூட்டியது.

சிரம்பான் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடந்த புரோகிராமிங் வகுப்பு அது. பன்னிரண்டு பேர் இருந்தோம். பதினோரு பேருக்கு இருபது வயதைச் சுற்றி இருக்கும். மிச்சம் இருந்த ஒருத்தி நான், நாற்பதைத் தொட ஒரு வருடம் பாக்கி. சுங்கை காடுட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புது மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன. பதினெட்டு வருடமாக நான் கண்ணாலும் விரலாலும் சோதித்து அனுப்பிய சின்னச் சின்னப் பாகங்களை இனி மெஷினே சோதிக்குமாம். அது கொட்டும் எண்களைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் வேண்டுமாம். "கொஞ்சம் புரோகிராமிங் தெரிஞ்சவங்க இருந்தா நல்லதுலா" என்று சூப்பர்வைசர் எல்லாரையும் பார்த்துச் சொன்னார், என்னை மட்டும் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே போய் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தி அப்படித்தான். பாசத்தில் செய்யாததை ரோஷத்தில் செய்துவிடுவேன்.

சொல்லிக்கொடுத்தவள் தெமியாங்கைச் சேர்ந்த ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளை டீச்சர் என்பேன். அவளுக்கு அது கூச்சம், அதனாலேயே விடாமல் கூப்பிட்டேன்.

வேரியபள் என்றால் ஒரு டப்பா, என்று அவள் ஆரம்பித்தாள். டப்பாவின் மேல் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். உள்ளே நாம் எதையாவது போட்டு வைப்போம். டப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டும். என் சமையலறையில் பாதி டப்பாக்களில் மேலே ஒரு பெயரும் உள்ளே வேறு சாமானும் இருப்பதால் எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு டப்பா செய்து, அதில் தங்கள் அப்பாவின் பெயரைப் போட்டு, திரையில் காட்டச் சொன்னாள். நான் 'அப்பா' என்று ஒரு டப்பா செய்தேன். அதில் அப்பாவின் நீளமான பெயரை ஒரு எழுத்து விடாமல் போட்டேன். கடைசியில் காட்டச் சொல்லும் கட்டளையில், டப்பாவின் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டேன். திரையில் 'அப்பா' என்று மட்டும் வந்தது.

"இன்வெர்ட்டட் கமா போட்டுட்டிங்கக்கா" என்றாள் டீச்சர். "அதப் போட்டா அது டப்பா இல்ல. வெறும் எழுத்து. நீங்க எழுதினத அப்படியே திருப்பிச் சொல்லும், உள்ளாற என்னா இருக்குன்னு பாக்காது."

"எனக்கு அவரு பேரே அப்பாதான் டீச்சர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அசட்டுத்தனத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அடுத்தடுத்த வாரங்களில் வேறு வேறு தப்புகள். வாக்கியத்துக்கு நடுவே டப்பாவின் உள்ளடக்கத்தைச் செருகிக் காட்ட ஒரு வழி உண்டு. வாக்கியத்துக்கு முன்னால் எஃப் என்று ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு, டப்பாவின் பெயரைச் சுருள் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். நான் எஃப் போட மறந்துவிடுவேன். 'வணக்கம், என் பெயர் இது' என்று வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே வந்து நிற்கும். பெயர்களை ஒரே வரிசையாக அடுக்க, ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கக் கற்றுக்கொண்டேன். ஒதுக்கிய இடத்தைவிட நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும்படி செய்யவும் கற்றுக்கொண்டேன். ஆங்கிலப் பெயர்கள் சிப்பாய்போல நின்றன, தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக நின்றன. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மனிதர்களிடம் காட்டினால் பதிலுக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டர் பதிலுக்குத் திட்டாது என்பதால் அதை வாய்க்கு வந்தபடி பேசினேன். டீச்சர் காதில் விழாததுபோல இருந்துவிடுவாள்.

ஒரு வாரம், ஐசி என்னும் அடையாள அட்டையில் இருப்பதுபோல முழுப்பெயரை வடிவாக வரவைக்கும் பயிற்சி. இங்கே தமிழர்களின் பெயர் ஐசியில் ஒரே மூச்சில் முடிவதில்லை. முதலில் சொந்தப் பெயர். பிறகு ஆணென்றால் ஏ/எல், பெண்ணென்றால் ஏ/பி, அதாவது இன்னார் மகன், இன்னார் மகள். பிறகு அப்பாவின் பெயர். மற்றவர்களுக்கு இரண்டு டப்பா தேவைப்பட்டது, எனக்கு ஒன்று போதும். நான்தான் முதலில் முடித்தேன்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். "பாதிதான் வந்திருக்குக்கா."

"முழுசே அவ்ளோதான்" என்றேன்.

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் மேலே கேட்காமல் அடுத்த மேசைக்குப் போனாள்.

நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவள் அல்ல. காலையில் எழுந்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, பிறகு தோட்டத்துச் செம்பனைக் காட்டுக்கு எண்ணெய்க் குலை வெட்டப் போன மனிதர் என் அப்பா. பின்னல் எப்போதும் இடது பக்கம் இழுத்திருக்கும். அம்மாவும் அவரும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் செய்தவர்கள். தோட்டமே வந்து சாப்பிட்டது. சாமி பார்த்தது, சனம் பார்த்தது, இதற்கு மேல் யாருக்குக் காட்ட வேண்டும் என்று ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போகவில்லை. அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் கல்யாணங்கள் அப்படித்தான். நான் பிறந்தபோது தோட்டத்து ஆபீஸ் கிராணி மற்ற பிள்ளைகளின் பேப்பர்களோடு என்னுடையதையும் டவுனுக்கு எடுத்துப்போய்ப் பதிந்துவிட்டு வந்தார். கல்யாணப் பத்திரம் இல்லாததால், தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் 'விவரம் கிடைக்கவில்லை' என்று மலாயில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்தார். இருவருக்கும் மலாய் வாசிக்க வராது. பன்னிரண்டு வயதில் நான் ஐசி எடுக்கப் போனபோதுதான் எங்கள் மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகாவது சரி செய்திருக்கலாம். "பன்னெண்டு வயசுப் புள்ளைய பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டு, இப்பப் போயி கல்யாணம்னா சிரிக்க மாட்டாங்களா" என்று அம்மா தள்ளிப் போட்டார். தள்ளித் தள்ளிப் போட்டதில் அம்மாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. எனக்குப் பதினாறு வயதானபோது அம்மா போய்ச் சேர்ந்தார். கல்யாணத்தைப் பதிய இரண்டு பேர் போக வேண்டும்.

இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த அன்று கொடுத்த விண்ணப்பப் பாரத்தில் தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அப்பாவின் பெயரை அழகாக எழுதினேன். டீச்சர் ஒருவர், நல்லவர்தான், என் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, ரப்பரால் அதை அழித்து, தூசியை ஊதிவிட்டு, "இதக் காலியா விட்டுடும்மா" என்றார். அன்றிலிருந்து விட்டுவிட்டேன். பள்ளி, பேங்க், வேலை, எந்தப் பாரமாக இருந்தாலும் பேனா அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். என் ரிப்போர்ட் கார்டில் அப்பா பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் கல்யாணத்தை முதலில் ரெஜிஸ்டர் செய்து பிறகுதான் தாலி என்று நானே பிடிவாதம் பிடித்தேன். அங்கே சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒருநாளும் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் அவருக்கு அது பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததை நினைத்துக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

நான் இப்போது பாரோயில் இருக்கிறேன். அப்பா தோட்டத்து ஓரத்தில், ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். கூப்பிட்டால் வர மாட்டார். நான் வகுப்புக்குப் போவதை அவரிடம் சொன்ன ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எம்மவ கம்ப்யூட்டருக்கே கட்டள போடற படிப்பு படிக்கிறா" என்று கோயிலில் சொல்லியிருக்கிறார். எனவே திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோயில் கமிட்டியிலிருந்து போன் வந்தது.

"தொண்டருங்க கழுத்துல மாட்டிக்கிற அட்டைய நீயே அடிச்சிக் குடுத்துரும்மா" என்றார் கமிட்டிச் செயலாளர். "அறுவத்தி மூணு பேரு. பேரு மட்டும் போட்டா யாருக்கும் ஆளு தெரியாது. அப்பன் பேரையும் சேத்துப் போடு."

அவர் சொன்னது நியாயம். தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் டவுனில் இருந்து வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குத்தான் வருவார்கள். வந்தவுடன் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "நீ யாரு மவ?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் தண்ணி கொடுப்பார்கள்.

ஒரு புரோகிராம் எழுதினால் அறுபத்து மூன்று அட்டையும் தானாக வந்துவிடும் என்று உற்சாகமாக உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் தகப்பன் பெயர். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் பெயர் இருந்தால் அதை எடுத்து 'அப்பா' டப்பாவில் போட வேண்டும். பிறகு ஆளின் பெயர், த/பெ, டப்பாவில் இருக்கும் பெயர் என்று அட்டையில் அடிக்க வேண்டும். 'இருந்தால்' என்று நான் சேர்த்ததற்குக் காரணம், பலர் முதலில் தங்கள் பெயரை மட்டும் அனுப்பியிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். "அப்பா பேர எழுத அவ்ளோ சோம்பலா" என்று இரண்டு பேரைத் திட்டவும் செய்தேன். எல்லாருடைய பெயரும் வந்து சேர்ந்தது. அட்டைகளை அடித்து, அவசரமாகப் புரட்டிப் பார்த்து, தடித்த தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வீட்டுக்குப் போனேன். அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிறு கோக்க அவர் தயாராக இருந்தார்.

வெளியே மழை. முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். அப்பா ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, வாய்விட்டு வாசிப்பார். ஒவ்வொரு அட்டையும் அவருக்கு ஒரு கதை.

"இவன் அப்பன் கள்ளு குடிச்சா பாட்டு வரும். குடிக்கலன்னா பேச்சே வராது." உறையில் போட்டார். "இந்தப் புள்ளயா? இதோட அப்பனும் நானும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம்." கயிற்றைக் கோத்தார். "இது பழைய மண்டோரு மவன். எங்கள வேல வாங்கின அந்த மண்டோரு என்னைய எத்தன தடவ காட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்காரு தெரியுமா? குலை வெட்டினா போதாது, கீழ உதிர்ந்த பழத்த ஒண்ணு விடாம பொறுக்கிட்டு வாடாம்பாரு."

அடுத்த அட்டையை எடுத்தார். என் பெயரை வாசித்தார். முகம் மலர்ந்தது. "த/பெ" என்று வாசித்தார். விரல் அடுத்த வரியில் நகர்ந்து பாதியில் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மண்டோரு பேரு போட்டிருக்கே, பாப்பா."

கோபமே இல்லாமல் சொன்னார். அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பெயர். கீழே மண்டோர் பெயர். சந்தேகமே இல்லை.

"மெஷின் தப்புப்பா" என்றேன்.

"இருக்கட்டும். அவருக்கும் பொம்பளப் புள்ள இல்ல. கேட்டா சந்தோஷப்படுவாரு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த அட்டையையும் உறைக்குள் போடப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரசாங்கம் சொன்னபோது எப்படி வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டாரோ அதேபோல என் அட்டையையும் ஏற்றுக்கொள்ளப் பார்த்தார்.

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். தப்பு எங்கே என்று தெரியவில்லை. பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். நாற்பதாவது வரியில் மண்டோரின் மகன். நாற்பத்தொன்றாவது வரியில் நான். என் பெயருக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செய்திருந்தது. கட்டத்தில் பெயர் இருந்தால் எடுத்து டப்பாவில் போடு என்று சொல்லியிருந்தேன். என் கட்டத்தில் ஒன்றும் இல்லை, எனவே அது டப்பாவைத் தொடவே இல்லை. முந்தின ஆளுக்காகப் போட்ட மண்டோரின் பெயர் அதற்குள் அப்படியே கிடந்தது. டப்பாவில் இருப்பதை அடி என்றும் சொல்லியிருந்தேன். அடித்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னாம்மா ஆச்சு?"

விளக்கிச் சொன்னேன். அவர் டப்பா கணக்கை உடனே பிடித்துக்கொண்டார். "கழுவாத கப்புல தண்ணி ஊத்தாமயே குடுத்த மாதிரி. முன்ன குடிச்சவன் மிச்சம் வச்சது நமக்கு வந்துருச்சி."

"ஆமாப்பா."

திரையில் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "அப்ப காலியா விட்டது மெஷினு இல்ல?"

"இல்லப்பா. நான்தான்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. மற்றவர்களைத் துரத்தித் துரத்தி அப்பா பெயர் கேட்டவள், என் வரியை எழுதும்போது நிற்கவே இல்லை. அது அரசாங்கப் பாரம் அல்ல. பிறப்புப் பத்திரத்தை எடு என்று கேட்க யாரும் இல்லை, ரப்பரோடு எந்த டீச்சரும் பக்கத்தில் நிற்கவில்லை. நானே வரைந்த கட்டம். யாருடைய பெயரை வேண்டுமானாலும் நான் எழுதியிருக்கலாம். அப்படியிருந்தும் விரல் தன் பாட்டுக்கு அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இத்தனை வருடம் மற்றவர்கள் விடச் சொன்னதாக நினைத்திருந்தேன். யாரும் சொல்லாமலேயே விடுகிறவளாக நான் ஆகிப் பல காலம் ஆகிவிட்டிருந்தது.

அழுதேன். முப்பத்தொன்பது வயதில், பிஸ்கட் டின்னுக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். "மறந்து போயில்லப்பா. பழக்கத்துல விட்டுட்டேன்" என்றேன். அது இன்னும் மோசமாக ஒலித்தது.

அப்பா என்னைத் தேற்றவில்லை. கையிலிருந்த கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு முடித்தார்.

"எனக்கும் அந்தப் பழக்கம் இருக்குதும்மா" என்றார். "கிளினிக்குக்கு நீதான கூட்டிட்டுப் போற. நீ காடிய நிறுத்தப் போனப்புறம் அந்த நர்ஸு மிஸ்ஸி கேக்கும், கூட வந்தது யாருன்னு. தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லிருவேன்."

"தெரிஞ்ச பொண்ணா?"

"மவள்னு சொன்னா ஐசிய கேப்பாங்க. பேரு ஒத்து வராது. அப்புறம் ஒன்னைய ஒரு மாதிரி பாப்பாங்க. எதுக்குன்னுதான்."

எத்தனை வருடமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா திரையைக் காட்டினார். "இப்ப அதுல போடலாமா?"

"போடலாம்பா."

"கவுர்மெண்ட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"இது கோயில் அட்டைப்பா."

"அப்ப போடு."

நாற்பத்தொன்றாவது வரியில், காலிக் கட்டத்தில், அவர் பெயரை அடித்தேன். என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தார். புரோகிராமை ஓட்டினேன். என் பெயர் வந்தது, த/பெ வந்தது, அப்பாவின் பெயர் வந்தது. வந்த பெயர் முக்கால்வாசிதான். தகப்பன் பெயருக்கு நான் பதினெட்டு இடம் ஒதுக்கியிருந்தேன், மேலே போனால் வெட்டு என்றும் சொல்லியிருந்தேன். அப்பாவின் பெயர் நீளம். வால் வெட்டுப்பட்டிருந்தது.

"பரவால்ல, இவ்ளோ இருந்தா ஆளு தெரியுமே" என்றார்.

"எனக்குப் பத்தாதுப்பா" என்றேன். கொஞ்சம் கத்தியேவிட்டேன்.

தகப்பன் பெயர் தனி வரியில், வெட்டுப்படாமல், முழு அகலத்துக்கு வரும்படி மாற்றினேன். என் அட்டையை மட்டும் அப்படி அடித்திருக்கலாம். அது தனியாகத் தெரியும். இனி எங்கேயும் என் பெயர் மற்றவர்களுடையதைப் போல இல்லாமல் இருக்கக் கூடாது என்று வீம்பு வந்துவிட்டது. பாரோயில் பிரிண்ட் எடுத்துத் தரும் கடைக்காரர், "எத்தன அட்டையிலம்மா தப்பு?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "அப்பறம் எதுக்கு அறுவத்தி மூணையும் திருப்பி அடிக்கிறீங்க?" என்றார். அடியுங்கள் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் தப்பைக் காட்டினேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஆரம்பிக்கும் முன் டப்பாவைக் காலி செய்ய ஒரு வரி எழுத வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். "புதுசா படிக்கிற எல்லாருக்கும் வர்ற தப்புதாங்கக்கா" என்றாள். அந்தத் தப்பு எல்லாருக்கும் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது என்னைப் போன்ற ஒருத்திக்குத்தான் வரும். அதையும் சொன்னேன். அன்று வகுப்பு முடிந்த பிறகு அவள் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தாள்.

திருவிழாவில் நான் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். பழைய மண்டோர் கைத்தடியோடு வந்து எனக்கு முன்னால் நின்றார். "நீ யாரு மவ?" என்றார். நான் கழுத்திலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே இழுத்து வைத்து வாசித்தார். என் கழுத்தும் கூடவே போயிற்று.

"அட, அவன் மவளா" என்றார். "ஒரு பழம் விட மாட்டான் அவன். நான் சும்மாவே திருப்பி அனுப்புவேன். பொறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

பின்னால் நீர்மோர் வாளியோடு நின்ற அப்பாவுக்கு அது கேட்டது. அன்று முழுக்க அவர் அந்தப் பந்தலை விட்டு நகரவில்லை. சாமி புறப்பாட்டுக்குக்கூட அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் அட்டைகளைத் திரும்ப வாங்கி எண்ணினேன். அறுபத்திரண்டுதான் இருந்தது. காணாமல் போனது என்னுடையது. பாத்திரம் கழுவும்போது கழற்றிப் பந்தல் கம்பில் மாட்டியிருந்தேன், கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கோயில் பக்கமெல்லாம் தேடினேன். மனசு கேட்கவில்லை. இன்னொன்று அடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் மண்டோர் பிடித்து வாசித்தது அந்த அட்டையை அல்லவா.

மூன்று மாதம் கழித்து அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்றார்கள். பெயர் பதிய அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே உள்ளே போனேன். கௌண்டரில் இருந்த மலாய் நர்ஸ், ஆபரேஷன் பாரத்தில் நெருங்கிய உறவு யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அப்பா சொல்லிவிட்டார்.

"அனாக் சாயா." என் பிள்ளை.

நர்ஸ் என் ஐசியைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்தார், அப்பாவுடையதைப் பார்த்தார், மறுபடி என்னுடையதைப் பார்த்தார். "இதில் அப்பா பெயர் இல்லையே" என்றார், தன்மையாகத்தான். எனக்குப் பழகிய கேள்வி. பாதுகாவலர் என்று சொல்லிச் சமாளிக்கும் பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டார். ஐசி வைக்கும் உறையிலிருந்து, மடங்கி ஓரம் கறுத்துப்போன ஓர் அட்டையை உருவி, கௌண்டரில் என் ஐசிக்குப் பக்கத்தில் வைத்தார். கயிற்றை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

நர்ஸ் அதைத் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து. "இது என்ன, பாக்சிக்?" என்றார், பெரியவரே என்பதுபோல.

அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சிக் காட்டு, பாப்பா."

படித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலில் என் பெயரைச் சொன்னேன். பிறகு 'அனாக் பெரெம்புவான்' என்றேன், இன்னார் மகள் என்று. பிறகு அப்பாவின் பெயரை, வால் வெட்டுப்படாமல், கடைசி எழுத்து வரைக்கும் சொன்னேன். அரசாங்க இடம் ஒன்றில் என் முழுப்பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் சத்தமாகத்தான் வந்தது.

நர்ஸ் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு உறவுமுறைக் கட்டத்தில் தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'அனாக்' என்று இருந்தது.

அப்பா அட்டையை எடுத்து, சட்டையில் துடைத்து, ஐசிக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"அடுத்த வருஷத்துக்கு நீ வேற அடிச்சிக்க" என்றார். "இதத் திருப்பிக் கேக்காத."